பரிசிலும் பங்கும்: இணைய ஆட்டக்களங்களிற் கட்டணஞ் செலுத்தா அங்கத்தவர் – ஒரு நோக்கு

இணையத்தின் வழியே சதுரங்கம், கரம், சீட்டு முதலிய ஆட்டங்களை ஆடுவதற்கு இடமளிக்கும் தளங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பினை உடையனவாய் விளங்குகின்றன. வாயில் யாவர்க்கும் திறந்திருக்கும்; உள்ளே நுழைந்தபின் சில அறைகள் மட்டும் பூட்டப்பட்டிருக்கும். சந்தா செலுத்தினோர்க்கே அவ்வறைகளின் திறவுகோல் கிடைக்கும். ஏனையோர் ஆடலாம், ஆயின் ஆடியதை மீளாய்ந்து பார்க்கவோ, பயிற்சிப் புதிர்களை விரும்பிய அளவு செய்யவோ, விளம்பரங்களின் இடையூறின்றி இருக்கவோ இயலாது. இந்நிலையிற் பணஞ் செலுத்தாவிடினும் நாள்தோறும் வந்து ஆடி, புதியோர்க்கு வழிகாட்டி, தளத்தை உயிர்ப்புடன் வைத்திருக்கும் அங்கத்தவர்க்கு மேலதிக வசதிகள் சிலவற்றை வெகுமதியாக அளித்தல் தகுமா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. விளையாட்டைப் பற்றியதாதலின் விளையாட்டான வினா என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் உழைப்பு, உடைமை, ஊதியம் ஆகியன பற்றிய பழைய வினாக்களே இங்குப் புதுக்கோலம் பூண்டு நிற்கின்றன என்பது சற்று உற்றுநோக்குவார்க்குப் புலனாகும்.

இவ்வினாவுக்கு வழமையாக இரு விடைகள் தரப்படுகின்றன. தளம் நடத்துவோர் பக்கம் நிற்போர், விலை கொடாதவனுக்குப் பண்டம் இல்லை என்பர். கணினிகளுக்கும் மின்சாரத்துக்கும் நிரலாளருக்கும் செலவு உண்டு. அதனைச் சந்தாக்காரரே சுமக்கின்றனர். இலவசமாக ஆட விடுவதே பெருந்தன்மை. அதற்கு மேலும் கேட்பது முறையன்று என்பது இவர்தம் வாதம். மறுபக்கத்தார், ஏழைகளுக்கும் சிறிது இரங்குதல் வேண்டும் என்பர். நெடுநாள் வந்துபோகும் விசுவாசிகளுக்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்தால் அவர்கள் மகிழ்வர், ஒருநாள் சந்தாவும் செலுத்துவர் என்பர். ஒன்றுக்கொன்று முரண்படுவனவாகத் தோன்றினும் இவ்விரு விடைகளும் ஒரே எண்ணத்தின்மீது எழுந்தவை. பணஞ் செலுத்தாதவன் பெறுபவன் மட்டுமே, தருபவன் அல்லன் என்பதே அவ்வெண்ணம். ஒரு சாரார் அவனைத் துரத்துகின்றனர். மறு சாரார் அவனுக்குப் பிச்சையிடுகின்றனர். அவன் உண்மையில் என்ன தருகின்றான் என்று கேட்போர் அரியர்.

வெள்ளவத்தைக் காலி வீதியிலுள்ள சவோய் திரையரங்கிற் பாதி ஆசனங்கள் வெறுமையாக இருந்தாலும் திரையில் ஓடும் படம் குறைவதில்லை. சீட்டு வாங்கி உள்ளே அமர்ந்தவர் முழுப் படத்தையும் பார்த்துவிட்டே எழுவார்; சொல்லப்போனால் நெரிசலின்றி இன்னுஞ் சுகமாகவே பார்ப்பார். கரம் பலகையின் நிலை அதுவன்று. பலகை இருக்கலாம், காய்கள் இருக்கலாம், மேலே விளக்கும் எரியலாம். எதிரே அமர ஆளில்லையாயின் ஆட்டம் இல்லை. இணைய ஆட்டத் தளம் திரையரங்கின் இனத்தைச் சேர்ந்ததன்று. கரம் பலகையின் இனத்தைச் சேர்ந்தது. அங்கு விற்பனையாகும் முதன்மைப் பண்டம் எதிராட்டக்காரரே. நள்ளிரவு 2 மணிக்கு ஒருவர் பொத்தானை அழுத்தியவுடன் தம் தரத்துக்கு ஒத்த இன்னொருவர் சில விநாடிகளில் எதிரே வந்து அமர்கின்றார் எனின், அந்த விந்தையை நிகழ்த்துவது தளத்தின் நிரல் மாத்திரமன்று. அவ்வேளையில் அங்குக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரின் இருப்பு ஆகும். அவ்வாயிரவரிற் பெரும்பாலோர் சந்தா செலுத்தாதவர்கள். சந்தாக்காரர் தம் பணத்துக்குப் பெறும் பொருளில் ஒரு பகுதி, சந்தா செலுத்தாதவனால் ஆக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

பலகை ஆட்டங்களுக்கான போர்ட் கேம் அரீனா என்னுந் தளம் இவ்வுண்மையைத் தன் விதியிலேயே ஒப்புக்கொண்டுள்ளது. 2010இற் பிரான்சில் இருவராற் தொடங்கப்பட்டு, 2021இல் அஸ்மோடே என்னும் பெரிய நிறுவனத்தின் கைக்குச் சென்ற தளம் இது. உயர்தர ஆட்டங்கள் சிலவற்றுக்கு அங்குச் சந்தாக்காரர் மட்டுமே மேசையைத் திறக்கலாம். ஆயின் திறக்கப்பட்ட மேசையிற் சந்தா செலுத்தாதோரும் வந்து அமரலாம். பார்வைக்கு இது கொடை. உண்மையில் நால்வர் ஆடவேண்டிய ஆட்டத்துக்குச் சந்தாக்காரர் நால்வரைத் தேடிக் காத்திருக்க வேண்டிய அவதியிலிருந்து அந்த ஒரு சந்தாக்காரரைக் காப்பாற்றும் ஏற்பாடு. யார் யாருக்கு உதவுகின்றார் என்பது இங்கு அவ்வளவு தெளிவானதன்று.

சதுரங்கத் தளங்களின் வரலாறு இவ்விடத்துச் சிறிது விரிவாக நோக்கற்பாலது. 1992இல் இணையச் சதுரங்கச் சேவையகம் என்ற பெயரில் ஒரு களம் அமெரிக்காவில் உருவாயிற்று. அது யாருடைய வணிகமுமாக இருக்கவில்லை. பல்கலைக்கழகக் கணினிகளிற் குடியிருந்தது. ஆர்வலர் நிரல் எழுதினர். ஆடுவோரே பிழைகளைக் கண்டு சொல்லினர். முகாமையாளராகப் பணியாற்றியோர் ஊதியம் பெறவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியரான டானியல் ஸ்லீட்டர் அதன் நிரலைச் செப்பனிடும் பொறுப்பை ஏற்று, இணையத் தாமதத்தால் ஆட்டக்காரர் நேரமிழக்கும் குறையைப் போக்கினார். அவர் பங்களிப்புச் சிறியதன்று. ஆனால் 1995 மார்ச்சு மாதத்தில் அக்களம் இணையச் சதுரங்கக் கழகம் என்ற பெயரில் வணிக நிறுவனமாக மாற்றப்பட்டு, ஆண்டுச் சந்தா 49 டொலர் என அறிவிக்கப்பட்டது. நேற்றுவரை அக்களத்தை ஆக்கியோர் மறுநாள் வாடிக்கையாளர் ஆயினர்.

எதிர்ப்பு உடனே கிளம்பிற்று. பொதுவாகக் கட்டிய வீட்டை ஒருவர் தம் பெயருக்கு எழுதிக்கொண்டார் என்ற மனக்குறை பலரிடம் இருந்தது. சில நாள்களுக்குள்ளேயே, பழைய நிரலின் பிரதி ஒன்றை அடியாகக் கொண்டு, கட்டணமற்ற இணையச் சதுரங்கச் சேவையகம் என்னும் மாற்றுக் களத்தைச் சிலர் அமைத்துவிட்டனர். ஸ்லீட்டர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. நாளுக்கு நாள் பெருகிய கூட்டத்தைத் தாங்கவல்ல கணினிகளை யாரோ வாங்கத்தான் வேண்டும். ஆர்வத்தால் மாத்திரம் ஒரு களத்தைப் பல்லாண்டு நடத்துதல் அரிது. ஆயின் இவ்வரலாற்றில் ஒரு சிறு விவரம் மனங்கொள்ளத்தக்கது. புதிய வணிகக் கழகம் கிராண்ட் மாஸ்டர், சர்வதேச மாஸ்டர் ஆகிய பட்டங்களைப் பெற்றோருக்குச் சந்தாவை விலக்கியது. பட்டம் பெற்ற ஒருவர் அங்கு ஆடுவது தளத்துக்கே மதிப்பு என்பதால், அவருடைய இருப்பே அவருடைய கட்டணமாக ஏற்கப்பட்டது. இதே வழமையை 2007இல் தோன்றிய செஸ்.கொம் தளமும் பின்பற்றிப் பட்டம் பெற்ற ஆட்டக்காரருக்குத் தன் உயர்தர அங்கத்துவத்தை இலவசமாக அளித்து வந்துள்ளது.

ஆகவே, பணஞ் செலுத்தாத அங்கத்தவர்க்கு மேலதிக வசதி வழங்குதல் கூடாது என்பது இத்தளங்களின் கொள்கையாக ஒருபோதும் இருந்ததில்லை. இருப்பாலும் ஆட்டத்தாலும் தளத்துக்குப் பயன் விளைவிப்போர் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதை அவை தொடக்கத்திலேயே ஏற்றுவிட்டன. கேள்வி, அவ்வேற்பு ஏன் உச்சியில் நிற்போரோடு நின்றுவிட்டது என்பதே. கிராண்ட் மாஸ்டரின் இருப்புக்குப் பெறுமதி உண்டெனின், ஒவ்வோர் இரவும் ஐம்பது புதியோருக்கு எதிராட்டக்காரனாக அமையும் சாதாரண ஆட்டக்காரனின் இருப்புக்கும் பெறுமதி உண்டு. அது சிறிது, ஆனால் சுழியம் அன்று. இலங்கையில் அத்தகைய பட்டங்களைப் பெற்றோர் மிகச் சிலரே. எனவே மேற்கூறிய சலுகையால் இந்நாட்டுச் சதுரங்க ஆர்வலர்க்கு விளைந்த பயனும் மிகச் சிறிதே.

இலங்கை என்றவிடத்துப் பணத்தின் கதையைக் கூறாமற் செல்லுதல் இயலாது. 1995இல் 49 டொலர் என்பது நம் நாட்டுக் காசில் ஏறத்தாழ 2,500 ரூபா. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டொலரின் பெறுமதி 200 ரூபாவை ஒட்டி நின்றது. மார்ச்சு மாதத்தில் ரூபா மிதக்கவிடப்பட்டபின் மே மாதமளவில் 360 ரூபாவைத் தாண்டிற்று. அதே 49 டொலர் அம்மாதத்தில் 17,500 ரூபாவுக்கு மேல். தளம் தன் விலையை ஒரு சதமேனும் உயர்த்தவில்லை. ஆனால் கொழும்பில் இருப்பவனுக்குச் சில வாரங்களில் அது ஏறத்தாழ இருமடங்காயிற்று. எரிவாயுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற அந்நாள்களிற் சதுரங்கச் சந்தாவைப் பற்றிக் கவலைப்பட்டோர் இருந்திருக்க முடியுமா என்று நகைக்கலாம். இருந்தனர். பாடசாலைகள் மூடப்பட்டும் மின்சாரம் நாளிற் பல மணிநேரம் தடைப்பட்டும் கிடந்த காலத்திற் பிள்ளைகளுக்கு எஞ்சியிருந்த சில பயிற்சிகளுள் இணையச் சதுரங்கமும் ஒன்று.

விலை மட்டுமன்று, விலையைச் செலுத்தும் வழியும் இங்கு வர்க்கத்தைக் காட்டுகின்றது. டொலரிற் சந்தா செலுத்தக் கடனட்டை வேண்டும். வெள்ளவத்தையில் ஒரு பிள்ளையின் வீட்டிற் கடனட்டை இல்லாவிடினும், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமாவிடமோ சித்தியிடமோ ஒரு வார்த்தை சொன்னாற் காரியம் முடிந்துவிடும். ஒரு காலத்திற் காலி வீதி நெடுக நிறைந்திருந்த தொலைத்தொடர்பு நிலையங்கள் அவ்வுறவின் சாட்சிகளே. கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை அண்டிய தோட்டங்களிலே, துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் நாட்கூலிக்கு உழைப்போர் வீட்டுப் பிள்ளைக்கு அத்தகைய மாமா இருப்பது அரிது. இரு பிள்ளைகளும் ஒரே தளத்தில் ஒரே இரவில் ஆடுகின்றனர், ஒருவரோடொருவரே ஆடவுங்கூடும். ஆட்டம் முடிந்தபின் ஒரு பிள்ளை தான் எங்கே தவறினேன் என்பதை இயந்திரத்திடம் நகர்வுக்கு நகர்வு கேட்டறிந்து படுக்கச் செல்கின்றது. மற்றப் பிள்ளைக்கு அன்றைய இலவச மீளாய்வு ஏற்கெனவே முடிந்துவிட்டது. நாளை மீண்டும் இருவரும் எதிரெதிரே அமரும்போது அவர்களுக்கிடையே வளர்ந்திருக்கும் இடைவெளியைத் திறமையின் இடைவெளி என்று தளம் எண்ணிட்டுக் காட்டும்.

இத்துணையும் கூறியபின், சுறுசுறுப்பான அங்கத்தவர்க்கு வசதிகளை வழங்குக என்று முடித்துவிடலாம் எனத் தோன்றும். ஆனால் சுறுசுறுப்பு என்பதை எதைக்கொண்டு அளப்பது? இங்கேதான் இக்கோரிக்கையை எழுப்புவோர் பலர் வழுக்கி விழுகின்றனர். அவர்கள் முன்வைக்கும் அளவுகோல் பெரும்பாலும் நேரமே: இத்தனை நாள் தொடர்ந்து வந்தவன், இத்தனை மணிநேரம் இருந்தவன், இத்தனை ஆட்டம் ஆடியவன். தளம் நடத்துவோர் இக்கோரிக்கையைக் கேட்டு அஞ்சுவதில்லை, அகமகிழ்கின்றனர். ஏனெனில் நாள்தோறும் வந்து தலைகாட்டுவோர்க்குச் சில்லறைப் பரிசு வழங்கும் முறை அவர்களே கண்டுபிடித்தது. கைப்பேசி ஆட்டங்களில் இன்று அது இல்லாதன அரியன. 2017இல் வெளிவந்து நம் இளைஞரிடையே பரவிய ஃப்ரீ ஃபயர் போன்ற ஆட்டங்களில் ஒருநாள் வராவிட்டால் அன்றைய பரிசு கைநழுவிப் போகும். ஏழாம் நாட் பரிசுக்காக ஆறு நாள் வரவேண்டும். ஆடும் விருப்பத்தால் வந்தவன், காலப்போக்கில் இழக்கும் அச்சத்தால் வருபவனாகின்றான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இரவு 12 மணிக்கு முன் ஒருதரம் தலைகாட்டிவிட்டுப் போவோம் என்று கைப்பேசியை எடுப்பதும், அது ஒரு மணிக்குக் கீழே வைக்கப்படுவதும் பெற்றோர் அறிந்த காட்சியே.

2023 டிசம்பரிற் சீன அரசின் வெளியீட்டுத்துறை, நாள்தோறும் உள்நுழைவோர்க்குப் பரிசு வழங்குதலையும் முதன்முறை செலவிடுவோர்க்கும் தொடர்ந்து செலவிடுவோர்க்கும் பரிசு வழங்குதலையும் தடுக்கும் வரைவு விதிகளை வெளியிட்டது. அன்றே ரென்சென்ற் முதலிய ஆட்ட நிறுவனங்களின் பங்கு விலைகள் பெருவீழ்ச்சி கண்டன. அடுத்த மாதமே அவ்வரைவு அரசின் இணையத்தளத்திலிருந்து ஓசையின்றி நீக்கப்பட்டது. உள்நுழைவுப் பரிசு வெறும் அன்பளிப்பாயின் அதனைத் தடுப்பதால் முதலீட்டாளர் இவ்வளவு கலங்க வேண்டியதில்லை. அது தூண்டில் என்பதை விமர்சகரினும் பங்குச் சந்தை நன்கறிந்திருந்தது.

இனி, மணிக்கணக்கை விடுத்துச் செய்த தொண்டைக் கணக்கிட்டு வசதி வழங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா எனின், அதற்கும் எச்சரிக்கை தரும் வரலாறு உண்டு. அமெரிக்கா ஒன்லைன் நிறுவனம் தன் உரையாடல் அறைகளையும் பலகைகளையும் மேற்பார்வை செய்ய ஆயிரக்கணக்கான தொண்டர்களை வைத்திருந்தது. சம்பளம் இல்லை, கட்டணமின்றிச் சேவையைப் பயன்படுத்தும் உரிமையே கைம்மாறு. ஆனால் அவர்கள் குறித்த நேரத்துக்குப் பணிக்கு வரவேண்டும், அறிக்கை எழுதவேண்டும், பயிற்சி பெறவேண்டும். 1999இற் தொண்டர் சிலர், தாம் செய்தது வேலை, தமக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் வேண்டும் என்று வழக்குத் தொடுத்தனர். அத்தொண்டர் திட்டம் 2005இல் மூடப்பட்டது. வழக்கு 2010இல் 15 மில்லியன் டொலர் இணக்கத்தோடு முடிந்தது. அல்ரிமா ஒன்லைன் என்னும் ஆட்டத்திற் புதியோர்க்கு வழிகாட்டிய தொண்டரும் 2000இல் அவ்வாறே வழக்காடினர். அவர்கட்கும் கிடைத்து வந்தது இலவசக் கணக்குத்தான். வெகுமதி என்ற பெயரிற் கொடுக்கப்படுவது சில வேளைகளிற் கூலியைக் கொடாதிருப்பதற்கான உபாயமாகவும் அமையும் என்பதற்கு இவை சான்று. கூலியென்று பெயரிட்டாற் சட்டம் குறுக்கிடும். வெகுமதியென்று பெயரிட்டால் நன்றி சொல்ல வேண்டியவன் உழைத்தவனாகிவிடுகின்றான்!

பரிசில் என்பதன் இலக்கணத்தைத் தமிழ் மரபு நன்கறிந்திருந்தது. புறப்பாடல்களிற் பரிசில் கேட்டல் இழிவாகக் கருதப்படவில்லை. பரிசில் கடாநிலை எனத் தனித் துறையே வகுக்கப்பட்டது. பாடியவன் தன் பாடலின் பெறுமதியை அறிந்தவனாய், உரிமையோடு கேட்டான். ஆனால் அம்மரபிலேயே பெருஞ்சித்திரனாரும் நிற்கின்றார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பொருளை அவர் ஏற்க மறுத்த செய்தி புறநானூற்றின் 208ஆம் பாடலில் உள்ளது. பொருள் சிறிதென்று அவர் சினந்திலர்; தம் புலமையைக் கண்டறிந்து கொடுக்கும் கொடை தினையளவேனும் போதும் என்பதே அவர் நிலைப்பாடு. ஏழாம் நாள் உள்நுழைந்தவனுக்குத் தானியங்கியாக விழும் பரிசு, யாரும் யாரையும் காணாமற் கொடுப்பது. தொண்டனின் பெயரைப் பட்டியலிற் போட்டு அவன் உழைப்பை எண்ணாதிருப்பதும் அவ்வகையினதே. கண்டு கொடுத்தல் என்றால் இன்ன பங்களிப்புக்கு இன்ன வசதி என்று முன்கூட்டியே வெளிப்படையாக வகுத்து, வகுத்ததை மாற்றாதிருத்தல். மன்னனின் மனநிலைக்கேற்ப வருவது பரிசில். விதியின்படி வருவது பங்கு.

இவ்வகையில் ஆட்டத் துறைக்கு வெளியே உள்ள ஒரு முன்மாதிரி கருதத்தக்கது. விக்கிப்பீடியாவிற் கட்டுரை எழுதுவோர் எவரும் ஊதியம் பெறுவதில்லை. வாசிப்போர் எவரும் கட்டணஞ் செலுத்துவதில்லை. ஆயின் விக்கிப்பீடியா நூலகம் என்றோர் ஏற்பாடு உண்டு. 500 திருத்தங்களுக்கு மேற் செய்து, ஆறு மாதங்களுக்கு மேல் அங்கத்தவராக இருந்து, அண்மை மாதத்திற் பத்துத் திருத்தங்களேனும் செய்தவர் அதனூடாக, பல்கலைக்கழகங்கள் பெரும்பணங் கொடுத்துப் பெறும் ஆய்விதழ்த் தொகுதிகளைக் கட்டணமின்றி வாசிக்கலாம். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. எண்ணிக்கை நிறைந்தாற் கதவு திறக்கும். கொடுக்கப்படும் வசதியும் அவர் செய்த பணிக்கு ஏற்றது: எழுதுகின்றவருக்கு வாசிக்கும் வசதி. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் உருவான நாள்தொட்டு அதனைக் கட்டியெழுப்பியோருள் முதல்வரான யாழ்ப்பாணத்து இ. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. அது கண்டளித்த பரிசில். ஆனால் ஆயிரம் பேருக்கு இயல் விருது கொடுத்தல் இயலாது. ஆய்விதழ்க் கதவை ஆயிரம் பேருக்குத் திறத்தல் இயலும்.

சதுரங்கத்துக்கு மீள்வோமாயின், எல்லார்க்கும் எல்லாம் என்று கூறி இவ்வினாவையே இல்லாமற் செய்துவிட்ட தளம் ஒன்றும் உண்டு. பிரான்சைச் சேர்ந்த திபோ டுப்ளெசி 2010இல் உருவாக்கிய லீசெஸ் அதுவாகும். அங்கு விளம்பரம் இல்லை. பூட்டிய அறையும் இல்லை. நன்கொடை அளிப்போர் புரவலர் எனப்படுவர். அவர்க்குக் கிடைக்கும் ஒரே வேறுபாடு பெயரருகே தோன்றும் சிறு இறகுச் சின்னம். மற்றெல்லா வசதிகளும் புரவலர்க்கும் ஏனையோர்க்கும் ஒன்றே. தளத்தின் மொழிபெயர்ப்பைப் பல மொழியாரும் தாமே செய்துள்ளனர். தமிழும் அவற்றுள் அடங்கும். ஆட்டங்களை ஆராயும் பெருங்கணிப்பை அங்கத்தவர் தம் சொந்தக் கணினிகளின் ஆற்றலை இரவல் கொடுத்து நிறைவேற்றுகின்றனர். அங்கத்தவர் ஆடிய ஆட்டங்களிலிருந்து எடுக்கப்பட்ட மில்லியன் கணக்கான புதிர்கள் யாவர்க்கும் பொதுவாக வெளியிடப்பட்டுள்ளன. 2020இல் மனிதரைப்போலத் தவறிழைத்து ஆடும் மாயா என்னும் நிரலை ஆய்வாளர் உருவாக்கியதும் அவ்வாட்டங்களைக்கொண்டே. காசு கொடாதவன் எதையும் தருவதில்லை என்போர்க்கு இதனினும் நேரான மறுப்புத் தேவையில்லை. அவன் தோற்ற ஆட்டமுங்கூட ஆய்வுக்குப் பொருளாயிற்று.

அப்படியாயின் எல்லாத் தளங்களும் லீசெஸ் ஆகிவிடவேண்டும் என்று கோரலாமா? கோரலாம், நடவாது. உலகிலுள்ள ஆட்டங்கள் அனைத்துக்கும் அத்தகைய நன்கொடையாளர் கூட்டம் வாய்ப்பதில்லை. நம் சிற்றேடுகளின் அனுபவமும் அதுவே. 1966இல் யாழ்ப்பாணத்திலே தொடங்கி, பிற்காலத்திற் கொழும்பு 13 ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்த மல்லிகையை டொமினிக் ஜீவா தம் கையாற் சுமந்து விற்றுக் காத்தார். எழுதியோர் காசு கேட்கவில்லை. ஆனால் அச்சகமும் தாள்காரரும் கேட்டனர். சந்தா என்னும் ஏற்பாட்டை இகழ்வார் ஓர் இதழையேனும் நடத்திப் பார்த்தவராக இருக்கமாட்டார். சந்தாவை வைத்துக்கொண்டே நியாயமாக இருப்பது எவ்வாறு என்பதே நடைமுறை வினா. எழுதியவனுக்கு ஒரு பிரதி அனுப்புவதற்குச் சிற்றேடுகள் தவறுவதில்லை. அவனிடமே சந்தா கேட்பின் அது நகைப்புக்கிடமாகும். ஆட்டத் தளங்கள் பல அந்நகைப்புக்கிடமான காரியத்தையே செய்கின்றன.

எனவே மேலதிக வசதி வழங்கப்படல் வேண்டும். ஆனால் இருந்த நேரத்துக்கன்று, செய்த பணிக்கு. ஒரு புதிரை அமைத்தவன், ஒரு பக்கத்தைத் தமிழாக்கியவன், ஏமாற்றி ஆடுவோனைச் சான்றுடன் காட்டியவன், தொடக்க நிலையினர் பத்துப்பேரோடு பொறுமையாக ஆடி ஆட்டம் முடிந்தபின் தவறுகளை விளக்கியவன் ஆகியோரின் பணி எண்ணக்கூடியது. கொடுக்கும் வசதி களத்திலே மேலாதிக்கம் தருவதாய் இருத்தலும் ஆகாது. கைப்பேசிப் போர் ஆட்டங்களிற் கூடுதல் ஆயுதம் பெறுவது போன்ற வசதி, பணத்தால் வாங்கப்படினும் உழைப்பால் வாங்கப்படினும் ஆட்டத்தைக் கெடுப்பதே. ஆட்ட மீளாய்வு, பயிற்சிப் புதிர், பாடம் ஆகியன அத்தகையன அல்ல, அவை கற்றலுக்கானவை. அவற்றைக் கொடுப்பதால் எதிரே இருப்பவனுக்கு அநியாயம் எதுவுமில்லை. நாளைய எதிராட்டக்காரன் சிறந்தவனாக வருவான், அவ்வளவே. செலவும் பெரிதன்று. அங்கத்தவரின் கணினியே அம்மீளாய்வைச் செய்யவல்லது என்பதை லீசெஸ் காட்டிவிட்டது. பணி எண்ணப்படுகின்றவிடத்து அதன் எல்லையும் எழுதப்படவேண்டும். குறித்த நேரத்துக்கு வா, அறிக்கை எழுது என்று கட்டளையிடத் தொடங்கியதும் அது வசதியால் ஈடுசெய்யப்படும் நிலையைத் தாண்டிவிடுகின்றது. அதற்குக் கூலியே உரியது.

கொழும்பில் இருந்துகொண்டு கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிறுவனத்தின் விதியை மாற்றுதல் நம் கையில் இல்லை என்பர். உண்மையே. ஆயினும் உருத்திரா மாவத்தையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942 முதல் இந்நகரில் இயங்கி வருகின்றது. அங்கு நூலகம் உண்டு, மண்டபம் உண்டு. கொட்டாஞ்சேனையிலும் பாடசாலைகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் குறைவில்லை. சனிக்கிழமை மாலையில் ஒரு மேசையும் இணைய இணைப்புள்ள ஒரு கணினியும் வைத்து, அன்றைய வாரம் பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களை மூத்த மாணவர் ஒருவர் அவர்களோடு இருந்து மீட்டுப் பார்த்தால், பூட்டிய அறைகளுள் மிக முக்கியமானது திறந்துவிடும். அதற்கு டொலர் வேண்டியதில்லை. அங்கு வந்து கற்பிக்கும் மாணவருக்குச் சங்கம் தன் நூலக அங்கத்துவத்தைக் கட்டணமின்றி வழங்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.